வாய்க்கால் தூர்ந்தால் வயல் தரிசா?

(மூன்றாம் ஆண்டு மாணவன், கணிப்பொறித் துறை)



நம் பேரவை மலரில் வருடா வருடம் கவிதைகள் வரும். சிரிப்புத் துணுக்குகள் வரும். 'நட்பு', 'தாய்', 'வேலையில்லாத் திண்டாட்டம்' என்று கட்டுரைகள் வரும். நான் ஒரு பழைய கம்ப்யூட்டரைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து வருகிற நண்பன் சிரித்துவிட்டான். "டேய், அது ரெக்கார்டு நோட்டுல எழுத வேண்டியதுடா. மலர்ல யாரு படிப்பா?" என்றான். ரெக்கார்டு நோட்டில் நோக்கம், தேவையான கருவிகள், செய்முறை, முடிவு என்று நாலு தலைப்புத்தான் உண்டு. 'இதை ஏன் நாம் ஒரு தடவைகூடச் செய்து பார்க்கவில்லை?' என்ற தலைப்பு அதில் கிடையாது. ஆகவேதான் இங்கே எழுதுகிறேன். பொறுத்தருள்க!

என் ஊர் காரியாபட்டிக்குக் கிழக்கே ஒரு கிராமம். மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை வழியாகத் தூத்துக்குடி போகும் நான்குவழிச் சாலையில் போனவர்கள் எங்கள் சீமையை ஜன்னல் வழியாகப் பார்த்திருப்பீர்கள். சீமைக்கருவேலங்காடு, தண்ணி இல்லாத கண்மாய், இடையில் எங்கேயாவது ஒரு சோளக் கொல்லை. எங்க அய்யா கரிமூட்டம் போடுகிறவர். அம்மா களையெடுக்கப் போகிறவர். அய்யா அஞ்சாவதோடு நின்றவர். அம்மா பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாதவர். எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான்தான். நம் கல்லூரியை அய்யா இன்னமும் 'பாலிடெக்கு' என்றுதான் சொல்வார்.

கணிப்பொறித் துறையில் சேர்ந்தாயிற்று. வீட்டில் கணிப்பொறி கிடையாது. லேபில் ஒரு சிஸ்டத்துக்கு இரண்டு பேர் உட்காருகிறோம். கீபோர்டுக்கு நேரே உட்காருகிறவனுக்கு புரோகிராம் வருகிறது. பக்கத்தில் உட்காருகிறவனுக்கு வேடிக்கை பார்க்க வருகிறது. நான் இரண்டு வருடம் வேடிக்கை பார்த்தவன். கூச்சம்தான் காரணம், வேறொன்றும் இல்லை.

போன வருடம் காரியாபட்டி பஜாரில் ஒரு ஜெராக்ஸ் கடை அண்ணன் மூலையில் கிடந்த கம்ப்யூட்டரைக் காட்டி, "பழைய இரும்புக் கடைக்குப் போட வச்சிருக்கேன். வேணும்னா நீ எடுத்துக்கடா" என்றார். பென்டியம் 4. ஒரு ஜிபி ரேம். 40 ஜிபி ஹார்டு டிஸ்க். தொட்டில் மாதிரி பெரிய மானிட்டர். அய்யாவின் டிவிஎஸ் எக்ஸ்எல்லில் கரிமூட்டை கட்டுகிற கயிற்றால் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தோம். தெருவே வேடிக்கை பார்த்தது. ஸ்விட்சைப் போட்டால் மூன்று பீப் சத்தம்! ரேமைக் கழற்றி, அதன் பற்களை பென்சில் ரப்பரால் தேய்த்து மாட்டியதும் சத்தம் நின்றது. கறுப்புத் திரையில் ஒரு வரி வந்தது: 'என்டிஎல்டிஆர் இஸ் மிஸ்ஸிங்'. உள்ளே இருந்த விண்டோஸ் எக்ஸ்பி கெட்டுப்போயிருந்தது. அது கெடாமல் இருந்தாலும் பயனில்லை. எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8-ந்தேதியோடு முடிந்துவிட்டது.

புதிதாக ஓஎஸ் போட வேண்டும். எப்படிப் போடுவது? சிடி டிரைவ் தட்டை வெளியே தள்ளும், உள்ளே இழுக்கும், ஆனால் எதையும் படிக்காது. ஃப்ளாப்பி டிரைவ் முனகக்கூட இல்லை. பென் டிரைவில் பூட் ஆகும் வசதி அந்தக் காலத்து பயாஸில் இல்லை. சிபியுவை மட்டும் தூக்கிக்கொண்டு மதுரைக்கு பஸ் ஏறினேன். அங்கே ஒரு கடையில் திறந்து பார்த்துவிட்டு, "தம்பி, டிரைவ் எல்லாம் போச்சு. உள்ள போக வழியே இல்ல. இதுல ஓஎஸ் போட முடியாது. புதுசு வாங்கிக்கங்க" என்றார்கள். பார்த்ததற்கு 200 ரூபாய். கரிப்புகையில் நின்று சம்பாதித்த 200 ரூபாய்!

வீட்டுக்கு வந்து சொன்னேன். அய்யா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்:

"அதுக்குள்ள உள்ள சாமானெல்லாம் நல்லா இருக்கா?"

"எல்லாம் நல்லாத்தான்ய்யா இருக்கு. உள்ள ஏத்துறதுக்குத்தான் வழி இல்ல."

"வாய்க்கா தூந்து போச்சுன்னா வயலத் தரிசுன்னா சொல்லுவாக? வேற பக்கமா ஒரு வாய்க்கால வெட்டிப் பாருடா."

நண்பர்களே, இந்தக் கட்டுரைக்குத் தலைப்புக் கொடுத்தது எங்க அய்யா. அவருக்கு ஓஎஸ் என்றால் என்னவென்று தெரியாது. ஆனால் கேள்வியைச் சரியாகக் கேட்டுவிட்டார்.

இரண்டு மார்க் கேள்விக்குள் இருந்த வாய்க்கால்

வேறு வாய்க்கால் எங்கே இருக்கிறது? ஹார்டு டிஸ்கைக் கழற்றி இன்னொரு கம்ப்யூட்டரில் மாட்டி, ஓஎஸ் போட்டுத் திரும்பக் கொண்டுவரலாம். ஆனால் அது 40 பின் வைத்த ஐடிஇ டிஸ்க். இன்றைய கம்ப்யூட்டர்களில் சாட்டா கேபிள்தான் இருக்கிறது. நடுவே ஒரு அடாப்டர் வேண்டும், எங்களிடம் இல்லை. பழைய ஐடிஇ சிடி டிரைவ் ஒன்றைத் தேடி வாங்கலாம். அதுவும் படிக்காமல் போனால் இன்னொரு தண்டச் செலவு.

படிப்பை முடித்து வேலைக்குப் போய்விட்ட ஒரு சீனியர் அண்ணனிடம் போனில் புலம்பினேன். அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "பின்னாடி நெட்வொர்க் கேபிள் மாட்டுற ஓட்டை இருக்காடா?" இருந்தது. "அப்ப வழி இருக்கு. டிஹெச்சிபி படிச்சிருக்கேல்ல?" என்றார்.

படித்திருக்கிறேனா! 'டிஹெச்சிபி - விரிவாக்கம் தருக' என்று இரண்டு மார்க் கேள்விக்கு மனப்பாடம் செய்து முழு மார்க் வாங்கியவன் நான். அது கண்ணுக்குத் தெரிகிற ஒரு வேலையைச் செய்யும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

விஷயம் இதுதான். கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் முதலில் விழிப்பது பயாஸ். அது ஹார்டு டிஸ்கின் முதல் 512 பைட்டைப் படித்து மெமரியில் போட்டு, பொறுப்பை அதனிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். அங்கே ஒன்றும் இல்லையென்றால் ஃப்ளாப்பி, சிடி என்று நாம் சொல்லி வைத்த வரிசையில் தேடும். அந்த வரிசையில் நெட்வொர்க் கார்டையும் சேர்க்கலாம். அப்படிச் சேர்த்தால், தன் முகவரிகூடத் தனக்குத் தெரியாத அந்த மெஷின், கேபிளில் இருக்கிற எல்லோருக்கும் கேட்கும்படி ஒரு குரல் கொடுக்கும். புது ஊர் பஸ் ஸ்டாண்டில் இறங்கியவன், "யாராவது இருக்கீங்களா? நான் எங்க போகணும்?" என்று கத்துகிற மாதிரி. கேபிளின் மறுமுனையில் ஒரு டிஹெச்சிபி சர்வர் இருந்தால், "இந்தா, இதுதான் உன் முகவரி. இன்ன இடத்துல இன்ன பேர்ல ஒரு கோப்பு இருக்கு, போய் எடுத்துக்க" என்று பதில் சொல்லும். அந்தக் கோப்பை டிஎஃப்டிபி என்ற சின்ன வழியில் இழுத்து, அது லினக்ஸ் கெர்னலை இழுத்து, கெர்னல் ரேமில் உட்கார்ந்துகொண்டு ஹார்டு டிஸ்கில் ஓஎஸ்ஸை எழுத ஆரம்பிக்கும். சிடி வேண்டாம், ஃப்ளாப்பி வேண்டாம், பென் டிரைவும் வேண்டாம்.

இது நேற்று வந்த வித்தையும் இல்லை. டிஎஃப்டிபி 1981-லேயே வந்துவிட்டது. டிஸ்கே இல்லாத கம்ப்யூட்டர்களை எழுப்புவதற்காக 1985-ல் பூட்பி என்ற முறை வந்தது. அதிலிருந்து 1993-ல் வளர்ந்ததுதான் டிஹெச்சிபி. இவற்றை ஒன்றாகக் கோத்து இன்டெல் கம்பெனி பிஎக்ஸ்இ என்ற பெயரில் வகுத்தது, அதன் 2.1 பதிப்பு 1999-ல் வந்தது. ஆக, என் பென்டியம் 4 பிறப்பதற்கு முன்பே அதற்கு இந்த வாசல் வெட்டப்பட்டிருந்தது. மதுரைக் கடைக்காரருக்கு மட்டும் அது தெரியாமல் போகவில்லை. நெட்வொர்க் பாடத்தில் நல்ல மார்க் வாங்கிய எனக்கும் தெரியவில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை?

நாலு பிழை, நாலு பாடம்

பதில் சொல்வதற்கு இன்னொரு கம்ப்யூட்டர் வேண்டுமே! நண்பனின் அக்காவிடம் அரசு கொடுத்த மடிக்கணினி ஒன்று இருந்தது. 2011 செப்டம்பர் 15-ல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில், பிளஸ் டூ படித்தபோது வாங்கியது. எல்காட் மூலம் வந்த அந்த மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் போட்டே கொடுத்தார்கள். பாஸ் என்பது சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கி 2007-ல் வெளியிட்ட இந்திய ஓஎஸ். ஆனால் நான் கேட்டுப் பார்த்த வரையில் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தவர்கள் யாரும் இல்லை. அக்காவும் பார்த்ததில்லை. "என் விண்டோஸைத் தொடக் கூடாது" என்ற நிபந்தனையோடு ஒரு சனி, ஞாயிறுக்குக் கொடுத்தார். அதனால் டெபியன் லினக்ஸை ஒரு பென் டிரைவில் போட்டு, மடிக்கணினியின் டிஸ்கைத் தொடாமல், பென் டிரைவிலிருந்தே ஓட்டினோம். இணையத்துக்கு நண்பனின் செல்போன். டிஹெச்சிபி, டிஎஃப்டிபி இரண்டு வேலையையும் சேர்த்துச் செய்ய டிஎன்எஸ்மாஸ்க் என்ற சிறிய புரோகிராம். சைமன் கெல்லி என்பவர் எழுதி இலவசமாக விட்டது. அதற்கு நாம் எழுத வேண்டியது ஒரு சில வரிகள்தான்.

பழைய கம்ப்யூட்டரின் பயாஸில் 'ஆன்போர்டு லேன் பூட் ராம்' என்ற ஒரு வரி அணைந்து கிடந்தது. அதை எழுப்பினேன். கேபிளை மாட்டினேன். சாமியைக் கும்பிட்டுவிட்டு ஸ்விட்சைப் போட்டேன்.

முதல் பிழை: பிஎக்ஸ்இ-இ61. கேபிளைப் பார் என்றது. முதலாமாண்டு பிராக்டிகலில் நானே கிரிம்ப் செய்த கேபிள் அது. ஆரஞ்சு வெள்ளை, ஆரஞ்சு, பச்சை வெள்ளை, நீலம், நீல வெள்ளை, பச்சை, பழுப்பு வெள்ளை, பழுப்பு. வரிசை சரிதான். ஆனால் ஒரு முனையில் ஒரு கம்பி முழுசாக உள்ளே போகவில்லை. பிராக்டிகலில் அதற்குக் கையெழுத்து வாங்கியிருந்தேன்! வெட்டி மறுபடி கிரிம்ப் செய்தேன்.

இரண்டாவது பிழை: இ51. 'குரல் கொடுத்தேன், யாரும் பதில் சொல்லவில்லை' என்று அர்த்தம். எங்கள் சர்வர் கேபிள் பக்கம் காது வைக்காமல் வைஃபை பக்கம் காது வைத்திருந்தது. திருத்தினோம்.

மூன்றாவது பிழை: இ53. 'முகவரி கிடைத்தது, ஆனால் எந்தக் கோப்பு என்று சொல்லவில்லையே' என்றது. அந்த ஒரு வரியை எழுத மறந்திருந்தோம். எழுதினோம்.

நான்காவது பிழை: இ32. 'கோப்பின் பெயர் தெரிகிறது, கேட்டால் கொடுக்க ஆள் இல்லை'. டிஎஃப்டிபியை ஆன் செய்யவே இல்லை.

நண்பர்களே, இதை நன்றாகக் கவனியுங்கள். கடையில் கிடைத்தது 'முடியாது' என்ற ஒரே வார்த்தை. மெஷின் ஒரு தடவைகூட 'முடியாது' என்று சொல்லவில்லை. 'இது வரைக்கும் வந்துவிட்டேன், இந்த இடத்தில் நிற்கிறேன்' என்றுதான் ஒவ்வொரு தடவையும் சொன்னது. பிழை எண் நம்மைத் திட்டுவதில்லை, வழி சொல்கிறது என்பது அந்தச் சனிக்கிழமைதான் எனக்குப் புரிந்தது. ஒரு செமஸ்டர் முழுக்க உட்கார்ந்து படித்தும் தலையில் ஏறாத பாடம் நாலு பிழையில் ஏறிவிட்டது.

ஐந்தாவது தடவை மெனு வந்தது. அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது! பழைய மடிக்கணினி, பேட்டரி நிற்காது. பென் டிரைவில் ஓடிய சர்வர் அத்தனை செட்டிங்கோடும் மறைந்தது. பழைய கம்ப்யூட்டரின் போர்டில் இருக்கிற காசு மாதிரியான சிஆர்2032 பேட்டரியும் செத்திருந்ததால், பயாஸில் நான் எழுப்பிய வரி மறுபடி தூங்கிவிட்டது. நல்லவேளை, ஒவ்வொரு வரியையும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருந்தோம். கரண்ட் வந்ததும் கால் மணி நேரத்தில் மறுபடி அதே இடத்துக்கு வந்துவிட்டோம். மறுநாள் ஒரு புது பேட்டரி வாங்கிப் போட்டேன்.

நாங்கள் போட்டது டெபியன் 12. இது 2023 ஜூனில் வந்தது. 2025 ஆகஸ்டில் டெபியன் 13 வந்துவிட்டது. ஆனால் அதில் என்னுடையது போன்ற 32-பிட் மெஷின்களுக்கான நிறுவி இல்லை. மெனுவில் படத்தோடு கூடிய முறையைத் தேர்ந்தெடுத்ததும் மொழிப் பட்டியல் வந்தது. கீழே இறங்கிப் போனால் 'தமிழ்' என்று இருந்தது! அழுத்தினேன். அதற்குப் பிறகு அந்த மெஷின் என்னிடம் தமிழில் கேள்வி கேட்டது.

அய்யா பின்னால் நின்று எழுத்துக்கூட்டிப் படித்தார். "இது நம்ம ஊர்க்காரன் செஞ்சதாடா?" என்றார். "உலகம் பூரா ஆளுக சேந்து செஞ்சது. தமிழ்ல மாத்துனது நம்ம ஆளுகதான்ய்யா" என்றேன். "கூலி எம்புட்டு?" என்றார். "பெரும்பாலும் கூலி வாங்காமத்தான்" என்றேன். அவர் நம்பவில்லை.

பாதியில் செல்போனின் அன்றைய டேட்டா தீர்ந்தது. ராத்திரி 12 மணிக்கு மறுநாள் கணக்கு ஆரம்பிக்கும் என்று காத்திருந்து, 'மறுபடி முயற்சி' பட்டனை அழுத்தினோம். விடிகாலையில் ஹார்டு டிஸ்கிலிருந்தே தானாக எழுந்தது எங்கள் பென்டியம் 4. புதுச் செலவு என்று பார்த்தால் அந்த ஒரு பேட்டரிதான்.

உள்ளதைச் சொல்ல வேண்டும்

பெருமைக்காகப் பொய் சொல்லக் கூடாது. அந்த மெஷினில் யூடியூப் பார்க்க ஆகாது. இரண்டு மூன்று இணையப் பக்கம் திறந்தாலே மூச்சு வாங்கும். மடிக்கணினியைவிடப் பல மடங்கு கரண்ட் தின்னும். எத்தனை காலம் ஓடும் என்றும் சொல்ல முடியாது. லினக்ஸும் பழையதை என்றைக்கும் தூக்கிச் சுமப்பதில்லை. ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ல் தம் 21-வது வயதில் லினக்ஸை எழுதத் தொடங்கியது 386 சிப் வைத்த கம்ப்யூட்டரில்தான். அந்த 386-க்கான ஆதரவையே 2013-ல் வந்த 3.8 பதிப்போடு நீக்கிவிட்டார்கள். ஆகவே 'பழசு எல்லாம் பொன்' என்று நான் சொல்ல வரவில்லை.

ஆனால் என் தங்கை ஒன்பதாவது படிக்கிறாள். லிபர் ஆபீஸில் தமிழ்99 விசைப்பலகையில் அவள் கட்டுரை தட்டச்சு செய்கிறாள். நான் ஜிசிசியில் சி புரோகிராம் போடுகிறேன். எங்கள் வீட்டில் கீபோர்டுக்கு நேரே உட்காருகிறவன் இப்போது நான்தான். அன்றிலிருந்து லேபிலும் நான் பக்கத்தில் உட்காருவதில்லை.

என் வாதம் இதுதான்

2025-26 தமிழக பட்ஜெட்டில், கல்லூரி மாணவர் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் மடிக்கணினியோ டேப்லெட்டோ தருவதாக அறிவிப்பு வந்தது. மனமார வரவேற்கிறேன். எங்களைப் போன்ற வீடுகளுக்கு அது பெரிய வரம். ஆனால் புது மடிக்கணினி எல்லாம் போட்டு, மூடி, ஒட்டி வருகிறது. அதைத் திறந்தால் வாரண்டி போய்விடும் என்று பயம். ஓட்டப் பழகலாம், உள்ளே என்ன நடக்கிறதென்று பழக முடியாது. கெட்டுப் போனாலும் பரவாயில்லை என்கிற மெஷினில்தான் தைரியமாகக் கை வைக்க முடியும். டிப்ளமோக்காரன் என்றால் கை வைக்கத் தெரிந்தவன் என்றுதானே ஊரில் அர்த்தம்?

இன்னொரு பக்கம் பாருங்கள். 2025 அக்டோபர் 14-ந்தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 போட வேண்டுமானால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும், 4 ஜிபி ரேம் வேண்டும், அது ஏற்கிற பிராசஸர் வேண்டும். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் எத்தனையோ கம்ப்யூட்டர்கள் இந்த ஒரு காரணத்துக்காகவே கழிவுப் பட்டியலில் ஏறப் போகின்றன. அவை என் பென்டியம் 4 போலக் கிழடு அல்ல. 64-பிட், பென் டிரைவிலேயே பூட் ஆகும். லினக்ஸ் போட்டால் பல வருடம் உழைக்கும்.

ஆகவே, நம் பேரவை மூலம் நிர்வாகத்திடம் மூன்று வேண்டுகோள் வைக்கலாம் என்பது என் கருத்து.

ஒன்று, கழித்துக் கட்டும் கம்ப்யூட்டர்களில் ஐந்தையாவது ஏலத்துக்குப் போகும் முன் நிறுத்தி, லேபின் ஒரு மூலையில் 'திறந்து பார்க்கும் மேசை' என்று வைக்க வேண்டும். ஒரு ஸ்க்ரூ டிரைவர் செட், ஒரு கிரிம்பிங் கருவி போதும்.

இரண்டு, நெட்வொர்க் பிராக்டிகலில் நெட்வொர்க் பூட்டையும் ஒரு பயிற்சியாகச் சேர்க்க வேண்டும். பாடத்திட்டத்தை மாற்றுவது நம் கல்லூரி கையில் இல்லை என்றால், சனிக்கிழமை ஒரு மணி நேரம் தாருங்கள். இரண்டு சிஸ்டமும் ஒரு கேபிளும் இருந்தால் போதும்.

மூன்று, நாம் எழுப்புகிற மெஷின்களை முறைப்படி அனுமதி பெற்று, பழைய டிஸ்கில் உள்ள தகவல்களைச் சுத்தமாக அழித்துவிட்டு, கம்ப்யூட்டர் இல்லாத கிராமத்து நூலகத்துக்கோ பள்ளிக்கோ கொடுக்கலாம்.

"ஸ்டாக் ரிஜிஸ்டர் இருக்கு, ஆடிட் இருக்கு, நீ பாட்டுக்குப் பேசாதடா" என்று ஒரு சார் சொன்னார். நியாயம்தான். ரிஜிஸ்டரில் 'பயிற்சிக்கு' என்று ஒரு தலைப்பு சேர்ப்பதற்கு வழி உண்டா என்று கேட்டுப் பார்க்கலாமே! "ஷாக் அடிச்சா யார் பொறுப்பு?" என்று இன்னொருவர் கேட்டார். அதுவும் நியாயம். பிளக்கைப் பிடுங்காமல் மூடியைத் திறக்கக் கூடாது. எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் பிரிக்கக் கூடாது, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் மின்சாரம் தங்கியிருக்கும். இந்த இரண்டையும் முதல் நாளே சொல்லிக் கொடுத்துவிடலாம். உண்மையிலேயே செத்துப்போனதை என்ன செய்வது? 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் மின்னணுக் கழிவு விதிகளின்படி பதிவு பெற்ற மறுசுழற்சிக்காரரிடம் கொடுக்க வேண்டும். செம்புக் கம்பிக்காகக் கேபிளைக் கொளுத்துவதை நான் பார்த்திருக்கிறேன். கரிமூட்டப் புகையிலேயே வளர்ந்தவன் சொல்கிறேன், அது வேறு புகை, நெஞ்சை அறுக்கும்.

மாணவர்களால் இதெல்லாம் முடியுமா என்று கேட்பவர்கள் பக்கத்து மாநிலத்தைப் பார்க்கட்டும். கேரளத்தில் 2001-ல் தொடங்கிய ஐடி அட் ஸ்கூல் திட்டம் பள்ளிக்கூடங்களுக்கு லினக்ஸைக் கொண்டுபோனது. 2018 முதல் 'லிட்டில் கைட்ஸ்' என்ற மாணவர் சங்கங்கள் அங்கே பள்ளிகளில் நடக்கின்றன. நம் பக்கத்தில் விழுப்புரம் குனு/லினக்ஸ் பயனர் குழு கிராமத்து மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறது. ஆங்கிலம் தடங்கல் என்பவர்களுக்கு, 2012 முதல் 'கணியம்' இதழ் இந்த விஷயங்களை எளிய தமிழில் எழுதி வருகிறது. விழுப்புரத்தில் முடிவது விருதுநகர் மாவட்டத்தில் முடியாதா என்ன?

கடைசியாக ஒரு வார்த்தை. என் மெஷினுக்குச் சொந்தமாக எந்த டிரைவும் வேலை செய்யவில்லை. அது எழுந்ததற்குக் காரணம், "யாராவது இருக்கீங்களா?" என்று அது கேட்ட நேரத்தில் கேபிளின் மறுமுனையில் பதில் சொல்ல ஒருவன் இருந்தான். அந்தக் குரலை அது ரொம்ப நேரம் கொடுத்துக்கொண்டிருக்காது. சில விநாடி பார்க்கும். பதில் இல்லையென்றால் 'இ51' என்று எழுதிவிட்டு நின்றுவிடும்.

முதல் வருடம் ஜூன் மாதம் நானும் அப்படித்தான் இந்த வாசலில் நின்றேன். வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் இல்லை. ஸ்காலர்ஷிப் ஃபாரம் எங்கே வாங்குவது என்று தெரியாது, 'அசைன்மென்ட்' என்றால் என்னவென்று தெரியாது. ஒரு சீனியர் அண்ணன், "என்னடா தம்பி, எந்த ஊரு?" என்று கேட்டார். போனில் எனக்கு வழி சொன்னவரும் அவர்தான். அவர் அன்றைக்குக் கேட்காமல் போயிருந்தால் நானும் கழிவுப் பட்டியலில் போயிருப்பேன். என்னோடு சேர்ந்து முதல் செமஸ்டரிலேயே நின்றுவிட்ட இரண்டு பேர் ஞாபகத்துக்கு வருகிறார்கள். அவர்களுக்கு மூளை இல்லையா? இருந்தது. வாய்க்கால்தான் தூர்ந்திருந்தது.

வருகிற ஜூனில் முதலாமாண்டுத் தம்பி தங்கைகள் வருவார்கள். இரண்டாமாண்டு நண்பர்களே, பதில் சொல்கிற முனையில் நீங்கள் இருங்கள். நான் கிரிம்ப் செய்த கேபிளையும், நாலு பிழையும் அதன் மருந்தும் எழுதிய நோட்டின் கடைசிப் பக்கத்தையும் பேரவை அறையில் வைத்துவிட்டுப் போகிறேன். வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம், வேலை முடிந்ததும் மறக்காமல் திருப்பி வைத்துவிடுங்கள்.